டிரம்ஸ் அடிப்பவளுக்கு ஆறு விநாடி

கடவுள் துணை
ஜனவரி 11

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் வீடியோவை நேற்று மாலை ஐந்தரை மணிக்குக் கூடத்து டிவியில் போட்டுப் பார்த்தோம். இருந்தவர்கள்: நான், அப்பா, அண்ணன், அண்ணி, மாடி வீட்டுத் தையல்காரம்மா. மொத்தம் ஐந்து பேர். அண்ணன் பாதியில் போன் வந்து எழுந்து போனான், அவனை அரை ஆள் என்று வைத்துக்கொள். அப்பா உட்காரவில்லை. ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கிளம்புகிறவர் போலக் கதவோரம் நின்றார். ஆனால் பாட்டு முடியும்வரை கிளம்பவில்லை. நாலு நிமிஷம் இரண்டு விநாடி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷத்தில் நீ கத்துகிறாய், மூன்றாவது நிமிஷத்தில் நான் அழுகிறேன். தாளில் இரண்டு பேருமே மரியாதையானவர்களாக இருக்கிறோம். இப்படியே இருக்கட்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். படம் தெளிவாக இருந்தது. பாழடைந்த பள்ளிக்கூடமும், தானாக ஆடுகிற நாற்காலியும், ஜன்னலில் வந்து உட்கார்ந்த காகமும் நிஜப் பேய்ப் படம் மாதிரியே இருந்தன. தையல்காரம்மா இரண்டு தடவை என் கையைப் பிடித்தாள். முடிந்ததும், "ஏங்க, இந்தப் பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டாங்களா? ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பே இல்லையே!" என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இனி என் குறை. எல்லோரும் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, இன்னும் ஆறு தடவை பார்த்து நோட்டில் எழுதினேன். உன் கூட்டாளிகளை நீ கூப்பிடும் பட்டப்பெயரிலேயே எழுதியிருக்கிறேன், கோபிக்காதே. பாடுகிற நெட்டை வரும் நேரம் இரண்டு நிமிஷம் ஒன்பது விநாடி. கிட்டார் சுருட்டை நாற்பத்தொன்று. பேஸ் வாசிக்கும் மௌனி இருபத்திரண்டு. காகம், நாற்காலி, காலி வராந்தா எல்லாம் சேர்த்து நாற்பத்து நாலு. நீ ஆறு விநாடி. அதிலும் நாலு விநாடி கை மட்டும். மீதி இரண்டு விநாடியில் முகத்தில் முடி விழுந்திருக்கிறது.

காகத்தைத் தனியாகக் கணக்குப் பார்த்தேன். ஒன்பது விநாடி. என் மகளைவிடக் காகத்துக்கு மூன்று விநாடி கூடுதல்.

இன்னொன்று. சுருட்டை மைதானத்தில் நின்று கிட்டார் வாசிக்கிறானே, அந்த வயர் பின்னால் புல்லில் கிடக்கிறது. எதிலும் சொருகவில்லை. அப்பாவும் பார்த்துவிட்டார். "சப்ளையே இல்ல" என்று முனகினார். அப்புறம், "இந்த அடியை எங்கயோ கேட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான், படியிறங்கிப் போய்விட்டார். மூன்று வருஷத்தில் உன் விஷயமாக அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை, அதனால் எழுதுகிறேன்.

கடைசியில் ஓடுகிற பெயர்களில் "சொல்லும் இசையும்" என்று போட்டு நெட்டையின் பெயர் வருகிறது. உன் பெயரைத் தேடினேன். காணவில்லை.

பிரார்த்தனையில் உன் குழுவையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "ஈரச் சுவர்" என்று சொல்லிக் கடவுளிடம் வேண்டும்போது அவர் கொத்தனாரை அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. வேறு பெயரே கிடைக்கவில்லையா?

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

*

ஜனவரி 19

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். காகக் கணக்கைக் குழுவில் படித்துக் காட்டினேன். வயரை இதுவரை பார்த்த பதினோராயிரம் பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. சுருட்டை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எங்களை மாதிரி, பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தாங்களே பாட்டு எழுதித் தாங்களே வெளியிடும் குழுக்களைத்தான் இண்டி ராக் என்கிறார்கள். எங்கள் முகம் யாருக்கும் தெரியாது. அதனால் வீடியோ எடுக்கும்போது, எல்லோருக்கும் பழக்கமான ஒரு சினிமாவின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வோம். பேய்ப் படம், கொள்ளைப் படம், துப்பறியும் படம். நாற்காலி ஆடினால் பேய் என்று பார்ப்பவருக்கு இரண்டு விநாடியில் புரிந்துவிடும். கதை சொல்ல நேரம் வேண்டாம், மீதி நேரத்தில் எங்களைப் பார்ப்பார்கள். சிரிக்காமல் நிற்பதும் அதனால்தான். நாங்கள் சிரித்தால் விளையாட்டு என்று தெரிந்துவிடும்.

டிரம்ஸ் அடிப்பவர் பின்னால்தான் இருப்பார். எந்தக் குழுவிலும் அப்படித்தான். பாடுகிறவன்தான் கதாநாயகன். வீடியோ எடுக்கும் எங்கள் தொப்பி அண்ணன் சொல்கிற மாதிரி, "முன்னால நடக்கிறவன் பேரைத்தான் ஜனம் ஞாபகம் வச்சிக்கும்." இதையெல்லாம் நீ எண்ணிக்கொண்டிருக்காதே. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அப்பா அடியைப் பற்றி நிஜமாகவே சொன்னாரா? சரியாக என்ன வார்த்தை சொன்னார்? திரும்ப எழுது.

அன்புடன்
உன் மகள்

*

கடவுள் துணை
பிப்ரவரி 2

என் செல்ல மகளுக்கு,

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்ற வரியை மட்டும் நீ அழுத்தி எழுதியிருக்கிறாய். தாளின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன், அந்த வரி மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது.

நீ விளக்கியது புரிந்தது. ஆனாலும் சொன்னதை அப்படியே நம்புவது எனக்கு வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்து, அடுப்பு பற்றவைக்கும் முன்னால் மூன்று, நாலு வீடியோ என்று வைத்துக்கொண்டேன். இன்றோடு நாற்பத்தொரு குழுக்களைப் பார்த்தாகிவிட்டது. முப்பத்து மூன்றில் ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தொன்பதில் யாரும் குடியில்லாத கட்டடம். பன்னிரண்டில் வெட்டவெளியில் கிட்டார், வயர் எங்கும் சொருகவில்லை, சுருட்டையிடம் சொல், அவன் ஒருவன் மட்டும் தப்பு செய்யவில்லை. கொள்ளைப் படம் மாதிரி எடுத்தது ஐந்து. ஐந்திலும் பாடுகிறவன் தலைவன், கிட்டார்க்காரன் அவன் சிநேகிதன், டிரம்ஸ் அடிப்பவர் வண்டியில் உட்கார்ந்திருக்கும் டிரைவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை ஏற்றிக்கொள்வதோடு சரி. ஆக, நீ சொன்ன சட்டை நிஜம்தான். எல்லோரும் கடன் வாங்குகிறார்கள். உனக்கு வந்த சட்டையில் உன் அளவுக்குக் கை தைக்கவில்லை, அதுதான் என் வழக்கு.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகப் படி.

போன சனிக்கிழமை போர்வை துவைத்தேன். நம் பழைய வாஷிங் மெஷின்தான். போர்வை போட்டால் பிழியும் நேரத்தில் அந்தக் குட்டைக் காலில் இடித்துக்கொண்டு அறையைவிட்டு நடந்து வருமே, அதே மாதிரி நடந்தது. நாலு அடி, கொஞ்சம் மூச்சு, மூன்று அடி. நாலு, மூச்சு, மூன்று. நான் வழக்கம்போல, "ஏய், எங்கே கிளம்பிட்டே?" என்று அதட்டினேன். சொன்ன வாயோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உங்கள் பாட்டுக்குப் பெயர் "எங்கே கிளம்பிட்டே". காதலன் விட்டுப்போகிற பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆறு வயதில் நீ அந்த மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து, அது நடக்காமல் பிடித்துவைத்து, பிழிந்து முடியும்வரை இரண்டு பக்கமும் குதிகாலால் தட்டிக்கொண்டே இருப்பாயே. அப்பா எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்றது அதைத்தான். நெட்டை நம் வீட்டுக்கு வந்ததே இல்லை. நம் மெஷின் சத்தம் அவனுக்கு எப்படித் தெரியும்?

பாட்டு யாருடையது? ஒரே வார்த்தையில் எழுது.

இன்னொன்றும் யோசித்தேன். பேய்ப் படத்தில் உள்ளறையிலிருந்து சத்தம் வரும். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் டார்ச்சோடு தேடிக்கொண்டு போவார்கள். கடைசியாகக் கதவு திறக்கும்போது சத்தம் போட்டது யார் என்று தெரியும். அதுவரை தெரியாதவர்தான் அந்தப் படத்துக்கே சொந்தக்காரர், வராந்தாவில் நடந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தவர்கள். நீங்களும் பேய்ப் படம்தான் எடுத்தீர்கள். ஆனால் கதவைக் கடைசிவரை திறக்காமலே முடித்துவிட்டீர்கள். சத்தம் போட்டவள் உள்ளேயே இருக்கிறாள்.

அப்பா சொன்னது, வார்த்தை மாறாமல்: "இந்த அடியை எங்கயோ கேட்டிருக்கேன்."

அம்மா

*

பிப்ரவரி 10

அம்மா,

என்னுடையது.

சொல்லும் இசையும் என்னுடையதுதான். பெயர் போடும் நேரத்தில், முன்னால் நடக்கிறவன் பெயரே இருக்கட்டும் என்று தொப்பி சொன்னபோது நானேதான் சரி என்றேன். லேப் வேலையை விட்டுவிட்டு வந்து, விட்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன் இல்லையா, "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் மூடிய வாய். என் பெயரைத் திரையில் பார்த்தால் அவருக்கு இன்னும் ஆத்திரம் வரும் என்று நினைத்தேன். அப்புறம் அதுவே பழகிப்போய், மேடையில் எல்லோரும் நெட்டையிடம் போய், "என்ன ஒரு பாட்டு!" என்று கை குலுக்கும்போது நான் பின்னால் டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில், குழுவிலிருந்து விலகுகிறேன் என்று எழுதி முடித்திருந்தேன். பழைய லேபிலும் விசாரித்தாகிவிட்டது, வா என்றார்கள். அனுப்புவதற்கு முன்னால் உன் கவரைப் பிரித்தேன்.

அன்று மாலை எங்களுக்குக் கூட்டம். நாடு முழுக்க இருந்து இருபது குழுக்களை ஒரு பெரிய மேடைக்கு எடுக்கிறார்கள், அதற்கு மார்ச் கடைசிக்குள் புது வீடியோ அனுப்பவேண்டும். அதே பாட்டுக்கு நெட்டையைக் குதிரையில் ஏற்றலாம் என்பது தொப்பியின் யோசனை. நான் உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன்.

தொப்பி, "எல்லாம் சரி. அப்ப இதுல நெட்டைக்கு என்ன வேலை?" என்றார்.

நெட்டை தலையைக் குனிந்துகொண்டே, "டார்ச் பிடிக்கிற வேலை" என்றான். "போன வீடியோவுல அம்மா எனக்கு நூத்து இருபத்தொன்பது விநாடி எழுதியிருக்காங்க. அதுல நூறு விநாடி நான் சும்மாதான் நடந்தேன். எனக்கே தெரியும்."

"குதிரையை என்ன பண்றது?"

"நீங்களே ஏறிக்கோங்கண்ணே" என்றான் சுருட்டை.

மாதத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற மௌனி அந்த மாத வாக்கியத்தை அங்கே செலவழித்தான். "பாட்டு அவளோடது. பேரை மாத்துங்க."

அம்மா, இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். அந்த மெஷின் வேண்டும், அந்த அறை வேண்டும், அதற்குப் போகும் நடை வேண்டும். நம் வீட்டில்தான் எடுக்கமுடியும். அப்பா விடுவாரா?

உன் மகள்

*

கடவுள் துணை
பிப்ரவரி 17

மகளுக்கு,

அப்பாவிடம் நான் வாயால் எதுவும் சொல்லவில்லை, உன் கடிதத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார். "எத்தனை லைட் போடுவாங்க? நம்ம வயரிங் தாங்காது" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணி போட்டுப் புது வயர் இழுத்தார். இதை விடுவார் என்று எடுத்துக்கொள்.

என் தரப்பில் மூன்று நிபந்தனை. நான் பேயாக நடிக்கமாட்டேன். காலை ஆறிலிருந்து ஏழு வரை பிரார்த்தனை, யாரும் சத்தம் போடக்கூடாது. வீட்டுக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. மற்றபடி இது நடிப்புதான் என்று கடவுளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

வரும்போது இரண்டு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அம்மா

*

மார்ச் 9

அன்புள்ள அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். படப்பிடிப்பு நாளில் பாதி நேரம் நீ சாமி படத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. முழுசாக எழுதுகிறேன்.

தொப்பியின் ஆட்கள் முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி நேரம் உழைத்து நம் நடையில் கரி பூசி, ஒட்டடை மாட்டி, புழுதி தூவிவிட்டுப் போனார்கள். நீ விடிகாலையில் எழுந்து, வீட்டுக்கு ஆள் வருகிறார்களே என்று அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாய். எட்டு மணிக்குத் தொப்பி வந்து கதவைத் திறந்தார். பளபளவென்று நடை, பினாயில் வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வாழ்க்கையில இவ்வளவு சுத்தமான பேய் வீட்டைப் பார்த்ததில்லம்மா" என்று அவர் சொன்னதுக்குத்தான் நீ அழுதுகொண்டு உள்ளே போனாய்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மெஷினையாவது ஓட்டிப் பார்ப்போம் என்று போர்வையைப் போட்டோம். சத்தமே இல்லை. பிழியும்போதும் அசையாமல் நிற்கிறது. குனிந்து பார்த்தால் குட்டைக் காலுக்குப் புது ரப்பர், பக்கத்தில் அப்பா மட்டம் பார்க்கும் ரசமட்டம். இருபது வருஷமாக அட்டையை மடித்து வைத்துச் சமாளித்த மனிதர், நான் வரப்போகிறேன் என்று முந்தின நாள் அதைச் சரி செய்து வைத்திருக்கிறார். நீ பேயைக் கழுவிவிட்டாய், அவர் ரிப்பேர் பண்ணிவிட்டார்.

தொப்பி எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் போய்விட்டார்கள். அறையில் நானும் அப்பாவும்தான். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து அந்த ரப்பரைத் தொட்டு,

"எவ்வளவு ஆடணும்?" என்றார்.

"பழைய மாதிரிப்பா."

"பழைய மாதிரின்னா? அரை அங்குலமா, முக்காலா?"

"நான் மேல உக்காந்தா நின்ன இடத்துலயே ஆடணும். இறங்கினா கிளம்பணும்."

அவர் ரப்பரைக் கழற்றி, மெஷினை ஓடவிட்டு, "உக்காரு" என்றார். இருபத்தேழு வயதில் ஏறி உட்கார்ந்தேன். அசையவே இல்லை. "அப்ப நீ பதினெட்டு கிலோ. இப்ப கணக்கு வேற" என்று சொல்லி ஒரு அட்டையை உருவினார், இன்னொன்றைச் செருகினார், காதைத் தரையோடு வைத்துக் கேட்டார். ஒன்பது தடவை. பத்தாவது தடவை அது வந்தது. நாலு, மூச்சு, மூன்று. அவர் நிமிர்ந்து பார்த்து, "இதானே?" என்றார். இதுதான்பா என்றேன்.

தொப்பி அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தார். கரி வேண்டாம், ஒட்டடை வேண்டாம், இந்தச் சுத்தத்தையே வைத்துக்கொள்வோம் என்றார். நெட்டை, சுருட்டை, மௌனி மூன்று பேரும் வெறுங்காலோடு, டார்ச் பிடித்து, பளிங்கு மாதிரி நடையில் பயந்து பயந்து வருகிறார்கள். மெஷின் அறை வாசலுக்கு வந்ததும் நீ சாமி அறைக்குள்ளேயிருந்து குரல் கொடுத்தாயே, "காலைத் துடைச்சிட்டு உள்ளே போங்க!" என்று? படம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. மூன்று பேரும் அந்தப் பயத்தோடேயே மிதியடியில் வரிசையாகக் கால் துடைத்தார்கள். தொப்பி அதை வெட்டமாட்டேன் என்கிறார்.

கதவு திறக்கும்போது நான் மெஷின் மேல், முன்னால் டிரம்ஸ், கேமராவை நேராக முறைக்கவேண்டும், சிரிக்கக்கூடாது. அப்பா கேமராவுக்குத் தெரியாமல் கீழே குந்தி அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முதல் அடி அடித்ததும் கீழேயிருந்து, "விழுந்துடாத" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை, பாட்டு முடியும்வரை சிரித்துக்கொண்டே அடித்தேன். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று சுருட்டை கேட்டதற்குத் தொப்பி, "தொட்டா கையை உடைப்பேன்" என்றார்.

லேபுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் மகள்

*

கடவுள் துணை
ஏப்ரல் 20

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

மேடைக்கு உங்களை எடுத்துவிட்ட செய்தியை நீ போனில் சொன்ன அன்று நாம் பதினேழு நிமிஷம் பேசியிருக்கிறோம். நீ கத்தத்தான் செய்தாய், நான் அழத்தான் செய்தேன். ஆனால் யாரும் போனை வைக்கவில்லை.

நேற்று மாலை புது வீடியோவைக் கூடத்தில் போட்டோம். இருந்தவர்கள்: நான், அப்பா, அண்ணன், அண்ணி, தையல்காரம்மா, அவள் தங்கை, அப்பாவோடு வேலை செய்யும் மெக்கானிக் மூன்று பேர். மொத்தம் ஒன்பது. அண்ணன் போனை அணைத்துவிட்டான், முழு ஆள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், அதுவும் முன் வரிசையில்.

கணக்கு: நெட்டை நாற்பத்தொன்பது, சுருட்டை முப்பத்தைந்து, மௌனி முப்பத்து மூன்று. மிதியடியும் கால்களும் பன்னிரண்டு. வெறும் நடை, கதவு, மெஷின் இருபத்தாறு. நீ ஒரு நிமிஷம் இருபத்தேழு விநாடி. அத்தனையிலும் முகம் தெரிகிறது, அத்தனையிலும் சிரிப்பு. என் குரல் இரண்டு விநாடி, அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். காகம் இல்லை.

கதவு திறந்ததும் தையல்காரம்மா, "அடியே, நம்ம பொண்ணு!" என்று கத்தியதில் அவள் தங்கை தண்ணீரைக் கொட்டிவிட்டாள்.

கடைசியில் பெயர் வந்தது. சொல்லும் இசையும் என்று போட்டு உன் முழுப் பெயர், இனிஷியலோடு. அப்பா எழுந்துபோய் ரிமோட்டை வாங்கி அங்கேயே நிறுத்தினார். ஒரு மெக்கானிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாருண்ணே இது, உங்க பொண்ணா எழுதிச்சு?" என்றார். அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய், பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நான்" என்றார். "மீதியெல்லாம் அவ."

அதை அணைக்க அவருக்கு மனசு வரவில்லை. உன் பெயரை அப்படியே திரையில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் காப்பி குடித்தோம்.

இன்று காலைப் பிரார்த்தனையில் ஈரச் சுவர் என்று தடங்கல் இல்லாமல் சொன்னேன். பழகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். மெஷின் இன்னும் நீ விட்டுப்போன ஆட்டத்திலேயே இருக்கிறது. அப்பா புது ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிறார். மாட்டச் சொன்னால், "அவளைக் கேட்டு எழுது, மேடைக்கு மறுபடி வேணும்னா?" என்கிறார். துவைக்கிற துணி துவைத்துத்தானே ஆகவேண்டும்? அதனால் போர்வை போடும்போதெல்லாம் நானே மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், எழுத்து ஆடுவதைப் பார்த்திருப்பாய்.

ரப்பரை மாட்டலாமா, வேண்டாமா? சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா